வியாழன் ஐரோப்பா, ஞாயிறு இரண்டாம் டிவிஷன்: வடூஸ் 2022-23

2022 ஆகஸ்ட் 25, வியன்னா. ஆஸ்திரியாவில் 32 முறை சாம்பியனான ரேபிட் கிளப், தன் சொந்த மைதானத்தில் 0-1 என்று தோற்றது. ஜெயிச்சது சுவிட்சர்லாந்தின் இரண்டாம் அடுக்கு லீக்கில் ஆடுற ஒரு டீம். அதைவிட வேடிக்கை, அது சுவிட்சர்லாந்து டீமே கிடையாது. எஃப்சி வடூஸ், லிக்டன்ஸ்டைன் நாட்டின் தலைநகர் கிளப். அன்றைய வெற்றியோடு அவங்க யூஃபா கான்பரன்ஸ் லீக்கின் குழுச் சுற்றுக்குள்ள நுழைஞ்சாங்க. அந்த நாட்டிலிருந்து எந்த ஐரோப்பியப் போட்டியிலும் குழுச் சுற்று வரை போன முதல் கிளப் இதுதான்.

பத்திரிகைகள் வழக்கம்போல "தேவதைக் கதை" என்று எழுதிட்டு அடுத்த செய்திக்குப் போயிட்டாங்க. எனக்கு இது கதையைவிடக் கணக்கு மாதிரிதான் தெரியுது. இரண்டாம் டிவிஷன் கிளப் ஒண்ணு ஏன் வருஷா வருஷம் ஐரோப்பியப் போட்டிக்குப் போகுது? அப்படிப் போறதால அதோட சாதாரண லீக் சீசன் என்ன ஆகுது? இந்த இரண்டு கேள்விக்கும் 2022-23 நல்ல உதாரணம். அதனால அந்த ஒரு சீசனைப் பத்தி இந்தக் குறிப்பு.

முதலில் நாட்டைப் பத்தி. லிக்டன்ஸ்டைன் பரப்பளவு 160 சதுர கிலோமீட்டர், மக்கள் தொகை சுமார் 40,000. 11 ஊராட்சிகள். மேற்கே ரைன் ஆறு, அதைத் தாண்டினா சுவிட்சர்லாந்தின் சாங்ட் காலன் மாகாணம். கிழக்கே ஆஸ்திரியா. 1923ல் சுவிட்சர்லாந்தோடு சுங்க ஒப்பந்தம் போட்டதிலிருந்து பொருளாதாரம் முழுக்க அந்தப் பக்கம்தான் சாய்ஞ்சிருக்கு. பணமும் சுவிஸ் ஃபிராங்குதான். வடூஸ் ஊரை இங்கிருந்து படிக்கும்போது "வடூஸ்" என்றுதான் வாயில் வருது. அந்த ஊர்க்காரங்க "ஃபடூட்ஸ்" மாதிரி சொல்வாங்க. நான் வடூஸ் என்றே எழுதிடறேன்.

இந்த நாட்டில் இருக்கிற கால்பந்து கிளப்கள் மொத்தம் ஏழு. வடூஸ், பால்ட்ஸர்ஸ், எஷென்/மாவ்ரென், ருக்கெல், ஷான், ட்ரீஸென், ட்ரீஸென்பெர்க். ஏழு டீமை வெச்சுத் தனியா ஒரு லீக் நடத்தறது கஷ்டம். அதனால எல்லாருமே சுவிஸ் லீக் அமைப்புக்குள்ள விருந்தாளிகளா ஆடறாங்க. வடூஸ் மேலே, மற்றவங்க நான்காம், ஐந்தாம் அடுக்கிலும் அதுக்குக் கீழேயும். ஐரோப்பாவின் யூஃபா உறுப்பு நாடுகளில் சொந்த லீக் இல்லாத ஒரே நாடு இதுதான்.

சொந்தமா லீக் இல்லை, ஆனா சொந்தமா கோப்பை உண்டு. 1946லிருந்து லிக்டன்ஸ்டைன் கப் நடக்குது. இந்த ஏழு கிளப்களும் அவங்களோட ரிசர்வ் டீம்களும் அதில் கலந்துக்குவாங்க. வடூஸ் அதை 40 தடவைக்கு மேல ஜெயிச்சிருக்கு. அந்தக் கோப்பை ரொம்ப நாள் உள்ளூர் விஷயமாத்தான் இருந்தது. 1992ல் அதோட ஜெயிச்ச அணிக்கு ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப்பில் இடம் கொடுத்தாங்க. அதோட எல்லாம் மாறிப் போச்சு.

இங்கதான் விதிப்புத்தகத்தில் அந்த ஸ்பெஷல் கேஸ் வருது. நம்ம கோட்ல ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு இஃப் கண்டிஷன் எழுதி வெச்சிருப்போமே, அந்த மாதிரி. ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கெல்லாம் லீக் சாம்பியன் ஒருத்தர் இருப்பார், அவர் சாம்பியன்ஸ் லீக் பக்கம் போவார். லிக்டன்ஸ்டைனுக்கு அது கிடையாது. ஒரே ஒரு இடம், அதுவும் கோப்பை வழியா மட்டும். வடூஸ் நாளைக்கே சுவிஸ் சூப்பர் லீக்கில் முதலிடம் பிடிச்சாலும், அந்த இடத்தை வெச்சு சுவிட்சர்லாந்து சார்பா ஐரோப்பாவுக்குப் போக முடியாது. சுவிஸ் கப்பிலும் அவங்களுக்கு இடமில்லை. மாறா, சுவிஸ் லீக்கில் எவ்வளவு மோசமா ஆடினாலும், ஊர்க் கோப்பையை ஜெயிச்சாப் போதும், ஐரோப்பா உறுதி.

இப்படிச் சொல்றதுக்கு ஒரு விதிவிலக்கும் நடந்திருக்கு. 2012 இறுதிப் போட்டியில் எஷென்/மாவ்ரென் வடூஸைப் பெனால்டியில் தோற்கடிச்சு, அந்த வருஷம் ஐஸ்லாந்தின் ஹாஃப்னர்ஃபியர்டர் கிளப்போட யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் மோதினாங்க. அதனால "நிச்சயம்" என்கிற வார்த்தையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் பயன்படுத்தணும். இருந்தாலும் சம்பளம் வாங்கி முழுநேரமா ஆடறவங்க ஒரு பக்கம், பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சிக்கு வர்றவங்க மறுபக்கம்னா, பெரும்பாலும் முடிவு என்ன ஆகும்னு தெரிஞ்சதுதான்.

ஐரோப்பாவில் வடூஸின் ஆரம்பம் பார்க்கச் சகிக்காது. 1992ல் உக்ரைனின் சொர்னொமொரெட்ஸ் ஒடெஸாவிடம் 0-5, 1-7. நான்கு வருஷம் கழிச்சு லாத்வியாவின் யுனிவர்சிட்டாடே ரிகாவைப் பெனால்டியில் தாண்டினாங்க. பரிசா கிடைச்சது நடப்புச் சாம்பியன் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன்: 0-4, 0-3. அடி வாங்கினாலும் 1998ல் ரைன் கரையில் ரைன்பார்க் ஸ்டேடியம் வந்தது. 2001ல் சுவிஸ் இரண்டாம் அடுக்குக்கு ஏறினாங்க. 2008ல் முதல் தடவையா சூப்பர் லீக், அடுத்த வருஷமே கீழே. 2014ல் திரும்ப மேலே, 2017ல் கீழே. 2020ல் மேலே, 2021ல் கீழே. லிஃப்ட் மாதிரி.

இதில் எனக்குப் பிடிச்ச துணைக்கதை ஒண்ணு, துன் கிளப்போட இவங்களுக்கு இருக்கிற கணக்கு. 2015ல் இரண்டு டீமும் சூப்பர் லீக்கில் ஆடிட்டு இருந்தாங்க. அப்போ யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் குலுக்கல் போட்டா, வடூஸுக்கு எதிரி துன்! ஒரே லீக்கில் வாராவாரம் பாக்கிற இரண்டு டீம், "வெவ்வேறு நாடு" என்பதால் ஐரோப்பியப் போட்டியில் ஒண்ணோட ஒண்ணு மோதினாங்க. துன் ஊரில் 0-0, வடூஸில் 2-2. வெளியூர் கோல் விதியால் துன் உள்ளே போனது. 2020ல் சூப்பர் லீக்கில் யார் இருக்கப் போறது என்கிற பரேஜ் மோதலில் மறுபடி துன். இந்தத் தடவை வடூஸ் 2-0, 3-4, மொத்தத்தில் 5-4. துன் கீழே இறங்கியது, இவங்க மேலே போனாங்க. 2022-23ல் இரண்டு பேரும் சேர்ந்து சேலஞ்ச் லீக்கில் உக்காந்திருந்தாங்க.

சரி, சேலஞ்ச் லீக். 2003 வரைக்கும் நேஷனல்லிகா பி என்ற பெயரில் இருந்த இரண்டாம் அடுக்குதான் இது. 2012லிருந்து பத்தே டீம். ஒவ்வொருத்தரும் மற்ற ஒன்பது பேரோட நாலு தடவை மோதணும், ஆக 36 ஆட்டம். 2022-23ல் இருந்த பத்து: இவெர்டோன், லோசான் ஸ்போர்ட், ஸ்டாட் லோசான் உஷி, ஆராவ், வில், துன், பெலின்ஸோனா, ஷாஃப்ஹவுசன், வடூஸ், நெவ்ஷாட்டல் ஸாமாக்ஸ். மேல் லீக்குக்குப் பெயர் கொடுத்தது கிரெடிட் சுவிஸ் வங்கி, கீழ் லீக்குக்குப் பெயர் கொடுத்தது டியேச்சி என்கிற பீட்ஸா கம்பெனி. இத்தாலிய மொழியில் டியேச்சி என்றால் பத்து, லீக்கிலும் பத்து டீம். அந்த சீசன் நடந்துட்டு இருக்கும்போதே, 2023 மார்ச்சில், கிரெடிட் சுவிஸ் கவிழ்ந்து யூபிஎஸ் கைக்குப் போயிடுச்சு. பீட்ஸா கடை அப்படியே இருந்தது.

இந்தப் பட்டியலில் இருக்கிறவங்க வரலாறு எல்லாமே கொஞ்சம் காயப்பட்டதுதான். ஸாமாக்ஸ் 2012 ஜனவரியில், சீசன் நடுவிலேயே திவாலாகி, அடிமட்டத்துக்குப் போய் ஏறி வந்தது. பெலின்ஸோனா 2013ல் அதே வழி. வில் 2004ல் சுவிஸ் கப்பை ஜெயிச்ச அதே சீசனில் சூப்பர் லீக்கிலிருந்து இறங்கியது. சுவிஸ் இரண்டாம் அடுக்கு என்பது பணம் இல்லாத கிளப்களும், பணம் இருக்கிறதா நினைச்ச கிளப்களும் சந்திக்கிற இடம் என்று சொன்னால் தப்பில்லை.

வடூஸ் முதலில்லை என்பதையும் இங்கே சொல்லணும். இரண்டாம் அடுக்கில் இருந்துகிட்டே ஐரோப்பியக் குழுச் சுற்றுக்குப் போனதை 2010லேயே லோசான் ஸ்போர்ட் செஞ்சு காட்டிடுச்சு. சுவிஸ் கப் இறுதிப் போட்டியில் பாஸலிடம் 0-6 என்று மிதி வாங்கியும், பாஸல் ஏற்கனவே சாம்பியன் என்பதால் யூரோப்பா லீக் இடம் லோசானுக்கு வந்தது. அதை வெச்சு போராட்ஸ், ராண்டர்ஸ், கடைசியில் லோகோமோட்டிவ் மாஸ்கோ என்று மூணு பேரைத் தாண்டினாங்க. குழுவில் கிடைச்சது ஒரே ஒரு பாயிண்ட். ஆனா அந்த வருஷம் சேலஞ்ச் லீக்கில் முதலிடம் பிடிச்சு மேலேயும் ஏறிட்டாங்க. லோசானுக்கு அது ஒரு தடவை நடந்த அதிர்ஷ்டம். வடூஸுக்கோ இது அமைப்பே கொடுக்கிற வழி. அதனாலதான் இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசில்லை.

2022 கோடையில் வடூஸ் தாண்டின மூணு பேரையும் பாருங்க. முதலில் ஸ்லோவேனியா கோப்பையை ஜெயிச்சிருந்த கோப்பர். ஒரு வெற்றி, ஒரு டிரா. அடுத்து துருக்கி சூப்பர் லீக்கில் மூணாவதா வந்திருந்த கொன்யாஸ்போர். வடூஸில் 1-1. கொன்யாவில் இவங்க 4-2. என்னைக் கேட்டா அந்தக் கோடையின் பெரிய ஆட்டம் வியன்னா இல்லை, கொன்யாதான். அங்கே ஒரு கோல் போட்டுட்டுப் பின்னாடி நின்னு காப்பாத்தினதில்லை, நாலு போட்டாங்க. மூணாவது ரேபிட், 1-1, பிறகு அந்த 1-0.

அணியில் சுவிஸ், ஆஸ்திரிய ஆட்டக்காரர்கள் அதிகம், அது இயல்புதான். ஆனா லிக்டன்ஸ்டைன் தேசிய அணி ஆட்கள் மூணு பேர் முக்கியமானவங்க: கோல்கீப்பர் பெஞ்சமின் பியூஷெல், நடுக்களத்தில் சாண்ட்ரோ வீஸர், நிக்கோலஸ் ஹாஸ்லர். நிக்கோலஸின் அப்பா ரைனர் ஹாஸ்லர், ஸாமாக்ஸுக்கும் ஜெனீவாவின் செர்வெட்டுக்கும் ஆடினவர், 1985ல் செர்வெட்டோடு சுவிஸ் சாம்பியன். யூஃபா தன் ஐம்பதாம் ஆண்டுக்காக ஒவ்வொரு நாட்டிடமும் அரை நூற்றாண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, லிக்டன்ஸ்டைன் கொடுத்த பெயர் அவருடையது. 2014ல் காலமானார். அவர் காலத்தில் ஒரு லிக்டன்ஸ்டைன்காரர் பெரிய ஆட்டம் ஆடணும்னா நாட்டை விட்டு சுவிஸ் கிளப்புக்குப் போகணும். அடுத்த தலைமுறையில் அவர் மகன் உள்ளூர் கிளப்பின் சட்டையிலேயே ஐரோப்பியக் குழுச் சுற்று ஆடினார். அந்த ஒரு குடும்பத்துக்குள்ளேயே இந்த ஊர்க் கால்பந்தின் முப்பது வருஷ மாற்றம் அடங்கியிருக்கு.

குழுவில் நெதர்லாந்தின் ஏஇசட் அல்க்மார், உக்ரைனின் டினிப்ரோ-1, சைப்ரஸின் அப்பல்லோன் லிமசோல். முதல் ஆட்டம் ரைன்பார்க்கில், அப்பல்லோனோடு 0-0. நாட்டின் முதல் குழுச் சுற்றுப் பாயிண்ட். அல்க்மாரில் 1-4. டினிப்ரோவிடம் வீட்டில் 1-2. அப்புறம் டினிப்ரோவோட மறு ஆட்டம் 2-2. போர் நடந்துட்டு இருந்ததால் அந்த கிளப் தன் "உள்ளூர்" ஆட்டங்களை ஸ்லோவாக்கியாவின் கொசீட்ஸேயில் ஆடிட்டிருந்தது. சொந்த மைதானம் இழந்த கிளப்பும், சொந்த லீக்கே இல்லாத கிளப்பும் மூணாவது நாடு ஒண்ணில் மோதி டிரா செஞ்சாங்க. (டினிப்ரோ-1 இப்போ இல்லை. 2024ல் லீக்கிலிருந்து விலகி முடிஞ்சு போச்சு.) கடைசி இரண்டு ஆட்டம்: அல்க்மாரிடம் வீட்டில் 1-2, லிமசோலில் 0-1. மொத்தம் 2 பாயிண்ட், கடைசி இடம். ஆனா 1-4 தவிர ஒரு ஆட்டத்திலும் ஒரு கோலுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கவில்லை. குழுவில் முதலிடம் பிடிச்ச அல்க்மார் அந்த வருஷம் அரையிறுதி வரை போனது என்பதையும் சேர்த்துக்கணும்.

எண்களில் ஆர்வம் இருக்கிறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. யூஃபா ஒவ்வொரு நாட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு குணகம் போடும். அந்த நாட்டு கிளப்கள் எடுத்த மொத்தப் புள்ளிகளை, கலந்துகொண்ட கிளப்களின் எண்ணிக்கையால் வகுக்கணும். தகுதிச் சுற்றில் வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5. குழுவில் வெற்றிக்கு 2, டிராவுக்கு 1. வடூஸ் தகுதிச் சுற்றில் 3 வெற்றி, 3 டிரா: 4.5. குழுவில் 2 டிரா: 2. ஆக 6.5. வகுக்க வேண்டியது? ஒண்ணு! மற்ற நாடுகளில் நாலு, அஞ்சு கிளப் போய், அதில் இரண்டு பேர் ஜூலையிலேயே வெளியேறினா சராசரி சரிஞ்சிடும். லிக்டன்ஸ்டைனுக்குச் சராசரி என்பதே கிடையாது. வடூஸ்தான் நாடு. நல்லா ஆடினா நாடே மேலே போகும். முதல் மோதலிலேயே தோத்தா நாடே பூஜ்யம் பக்கம். சாம்பிள் சைஸ் ஒண்ணை வெச்சு ஒரு நாட்டுக்கு ரேங்க் போடறதைப் பாத்தா புள்ளியியல் வாத்தியார் என்ன சொல்வாரோ!

இப்போ விலை என்னன்னு பாப்போம். தகுதிச் சுற்று 6, குழு 6, லீக் 36. 48 ஆட்டம், அதுக்கு மேலே லிக்டன்ஸ்டைன் கப். பெரிய கிளப்களுக்கு இது ஒண்ணுமில்லை, அவங்களிடம் இரண்டு டீம் அளவுக்கு ஆள் இருக்கும். இரண்டாம் அடுக்கு பட்ஜெட்டில் அது கிடையாது. வியாழக்கிழமை ராத்திரி அல்க்மாரிலோ கொசீட்ஸேயிலோ ஆடிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஷாஃப்ஹவுசனோட ஆடணும். அந்த சீசன் லீக்கில் வடூஸ் டேபிளின் கீழ்ப் பாதியில்தான் முடிச்சது. வியன்னாவிலும் கொன்யாவிலும் டீமை வழிநடத்தின அலெஸ்ஸாண்ட்ரோ மாஞ்சியராட்டி சீசன் முடியும்போது வேலையில் இல்லை. நடுவிலேயே அவருக்குப் பதிலா யூர்கன் ஸீபெர்கரைக் கொண்டுவந்தாங்க. ஒரு நாட்டின் கிளப் கால்பந்து வரலாற்றிலேயே பெரிய வெற்றியைக் கொடுத்த பயிற்சியாளர், சில மாசத்தில் இரண்டாம் டிவிஷன் டேபிளால் வேலை இழந்தார். எனக்கு இது நியாயமாப் படலை. ஆனா கிளப் நிர்வாகத்தின் கணக்கும் புரியுது. இரண்டாம் அடுக்கிலிருந்தும் விழுந்தா, முழுநேர ஆட்டக்காரர்களை வெச்சுக்க முடியாது. அப்போ ஊர்க் கோப்பையிலேயே எஷென்காரங்க சவால் விடுவாங்க, ஐரோப்பாவுக்கு அந்த ஒரே வழியும் ஆட்டம் கண்டுடும். லீக் அவங்களுக்கு அஸ்திவாரம், ஐரோப்பா மேல்மாடி. மேல்மாடியில் விருந்து நடக்கிறப்போ கீழே விரிசல் விட்டா யார்தான் பயப்படாம இருப்பாங்க?

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கு, அதை யாரும் அதிகம் பேசலை. அந்த சீசன் சேலஞ்ச் லீக்கில் ஆடினவங்களுக்கு அபூர்வமான வருஷம். சூப்பர் லீக்கை 10லிருந்து 12 டீமாக்க முடிவு செஞ்சிருந்தாங்க. (2022 மே மாசம் பிளே-ஆஃப் முறை வேணும்னு ஓட்டுப் போட்டு, ரசிகர்கள் எதிர்ப்பில் நவம்பரில் அதைக் கைவிட்டு, ஸ்காட்லாந்து முறைக்கு மாறினது தனிக் கூத்து.) அதனால வழக்கமா ஒருத்தர் நேரா ஏறுகிற இடத்தில் இந்தத் தடவை இரண்டு பேர் நேரா, மூணாவது பரேஜ் வழியா. கீழே யாருமே இறங்கலை. ஏறணும்னா இதைவிட நல்ல வருஷம் கிடைக்காது. முந்தின சீசனில் மேல்பாதியில் இருந்த வடூஸ் சரியா இந்த வருஷம்தான் ஐரோப்பாவில் சக்தியைச் செலவழிச்சிட்டிருந்தது.

அந்த வாய்ப்பை எடுத்துக்கிட்டது மூணுமே ஒரே மாகாணத்து கிளப். வோ மாகாணம். இவெர்டோன் முதலிடம், லோசான் ஸ்போர்ட் இரண்டாமிடம், ஸ்டாட் லோசான் உஷி மூணாமிடம். லோசான் ஸ்போர்ட்டுக்குப் பின்னால் பிரிட்டனின் ஐனியோஸ் ரசாயனக் கம்பெனி இருக்கு, 2020லிருந்து புது ஸ்டேடியமும் இருக்கு. அவங்க காலி செஞ்ச பழைய போன்டேஸ் மைதானத்தில் ஆடற அக்கம்பக்கத்து கிளப்தான் உஷி. அந்த உஷி, சூப்பர் லீக்கில் கடைசியா வந்த சியோனை பரேஜில் தோற்கடிச்சு முதல் தடவையா மேலே போனது. சியோன் அணியில் அந்த சீசன் மாரியோ பலோட்டெல்லி இருந்தார். கால்பந்தில் சம்பளப் பட்டியல் எப்பவும் ஜெயிக்காது என்பதற்கு இதைவிட வேற என்ன வேணும். அடுத்த வருஷமே உஷி கீழே வந்துடுச்சு என்பதும் உண்மைதான்.

வடூஸ் அந்த சீசனில் எப்பவும்போல லிக்டன்ஸ்டைன் கோப்பையை ஜெயிச்சது. அதனால 2023 ஜூலையில் மறுபடி கான்பரன்ஸ் லீக் தகுதிச் சுற்று. இந்தத் தடவை பெலாரஸின் நேமன் குரோட்னோ. முதல் மோதலிலேயே வெளியே. அதுக்கப்புறம் இலையுதிர் காலத்து வியாழக்கிழமைகள் அவங்களுக்குக் காலியாயிடுச்சு. சேலஞ்ச் லீக்கில் சியோன், பாடன், ஸ்டாட் நியோனே என்று மூணு புதுமுகங்கள் வந்திருந்தாங்க. 36 ஆட்டம் மறுபடி முதல் வாரத்திலிருந்து.